காமாலை வந்த வழியைக் கண்டறிவது எப்படி?

கதிர் தள்ளிய நெல் வயலின் வரப்பில் நின்று, "இது இன்ன வாரத்தில் விதைத்தது" என்று சொல்லிவிடும் உழவர்கள் நம்மிடையே உண்டு. இரகத்தின் வயது தெரியும். கதிரின் நிலை கண்முன் இருக்கிறது. எஞ்சியது விரல்விட்டு எண்ணும் கணக்குத்தான். ஊரில் மஞ்சள் காமாலை தோன்றும்போது நமக்கு வேண்டியதும் இதே கணக்குத்தான். இந்நோய்க்கும் ஒரு வயது உண்டு. கிருமி வயிற்றுக்குள் சென்ற நாளிலிருந்து நோய் வெளிப்படும் நாள் வரை குறைந்தது 15 நாள், மிகுந்தால் 50 நாள், பெரும்பாலோருக்கு ஏறக்குறைய 28 நாள். ஆகவே இன்று ஒருவர் காமாலையால் படுத்திருக்கிறார் என்றால், அவர் நேற்றுக் குடித்த நீரையோ போன வாரம் உண்ட உணவையோ குற்றம் சொல்வதில் பயனில்லை. சென்ற மாதத்தில் தேட வேண்டும்.

வேளாண்மை இதழில் காமாலைக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். நடவு நேரத்தில் வீட்டில் இருவர் காமாலையாகப் படுத்தால் அந்தப் போகம் என்ன ஆகும் என்பதை நீங்களே அறிவீர்கள். அதுமட்டுமன்று. இக்கிருமி செல்லும் வழியில் இருப்பவை கிணறு, வாய்க்கால், கழிவுநீர் பாயும் வயல், கீரைக்கட்டு, ஊர்ப்பந்தி ஆகியவை. இவற்றுள் பாதிக்கு மேல் உழவர் கையில் இருக்கின்றன.

எந்தக் காமாலை?

காமாலை என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. கல்லீரல் தாக்குண்டு பித்தம் இரத்தத்தில் தங்கும்போது கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவதையே அப்படி அழைக்கிறோம். அதற்குக் காரணங்கள் பல. மது ஒரு காரணம். நெல் வயலில் எலிச் சிறுநீர் கலந்த சேற்றில் நிற்பவருக்கு வரும் எலிக்காய்ச்சல் ஒரு காரணம். இரத்தம், ஊசி வழியாகவும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும் 'பி', 'சி' வகைக் கல்லீரல் அழற்சிகள் வேறு. ஊரில் ஒரே காலத்தில் பலருக்குக் காமாலை வருமானால் முதலில் ஐயுற வேண்டியவை நீராலும் உணவாலும் பரவும் 'ஏ' வகையும் 'இ' வகையும் ஆகும். இவ்விரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது. ஐ.ஜி.எம். எனப்படும் இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பிரித்தறிவது வீண்வேலை அன்று. 'இ' வகை கருவுற்ற பெண்களுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், உயிருக்கே ஆபத்தானது.

'ஏ' வகைக் கிருமி ஒரு நச்சுயிரி. அசுத்தமான நீரோடும் உணவோடும் வாய்வழி நுழைந்து, கல்லீரலில் பெருகி, பித்தத்தோடு குடலில் இறங்கி, மலத்தில் வெளியேறுகிறது. அம்மலத்தில் கடுகளவு இன்னொருவர் வாய்க்குச் சென்றாலும் போதும். கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில்தான் மலத்தில் கிருமி மிகுதியாக இருக்கிறது. அப்போது அவர் நடமாடிக்கொண்டிருக்கிறார்; சமைக்கிறார், பரிமாறுகிறார், வாய்க்கால் கரையில் ஒதுங்குகிறார். மஞ்சள் தெரிந்து ஒரு வாரம் ஆனபின் அவரிடமிருந்து பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் நாமோ மஞ்சள் தெரிந்த பிறகுதான் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைக்கிறோம்.

குழந்தைகளின் கதை இன்னும் வேறு. ஆறு வயதுக்கு உட்பட்டோரில் பத்தில் ஏழு பேருக்கு இக்கிருமி வந்துபோனதே தெரியாது. இரண்டு நாள் சோர்வு, ஒரு நாள் வாந்தி, அவ்வளவுதான். ஆயினும் மலத்தில் கிருமி இருக்கும். பெரியவர்களிடத்தில் இது தலைகீழாகிறது: பத்தில் ஏழு பேருக்குமேல் காமாலை வெளிப்படும், ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆபத்தும் கூடும். முன்பு நம் ஊர்களில் ஏறக்குறைய எல்லாரும் சிறுவயதிலேயே இக்கிருமியை அறியாமல் வாங்கி, வாழ்நாள் முழுதும் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டனர். இப்போது கழிப்பறையும் குழாய்நீரும் வந்தபின் பல பிள்ளைகள் அதைச் சந்திக்காமலே கல்லூரி வயதுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் ஒரு நாள் கெட்ட நீரைக் குடித்தால் பத்துப் பேரும் ஒன்றாய்ப் படுப்பார்கள். துப்புரவு அரைகுறையாய் நிற்கும் இடத்தில்தான் இந்தச் சங்கடம்.

தீவும் மணலும்

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. முக்கொம்பில் பிரியும் ஆறு கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும்தான் அதன் நிலம். வாழைக்கும் தென்னைக்கும் இதைவிட நல்ல மண் கிடையாது. நீர்மட்டம் மேலே இருப்பதால் பத்திருபது அடியில் அடிகுழாய் தண்ணீர் தருகிறது. அதே மணலில்தான் கழிப்பறைக் குழியும் தோண்டுகிறோம். களிமண் நிலத்தில் கழிவுநீர் மெல்லக் கசியும். கசியும் வழியில் மண் அதை வடிக்கும். பரும்மணலில் அது வேகமாய் இறங்கிவிடும். மேட்டூர் திறந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் நீர் ஓடத் தொடங்கினால் நிலத்தடி நீர்மட்டம் இன்னும் உயரும். கோடையில் குழியின் அடிக்கும் நீருக்கும் இருந்த இடைவெளி அப்போது இல்லாமற் போகிறது. தண்ணீர் பெருகிய காலத்தில்தான் கிணற்றின் மீது ஐயம் கொள்ள வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இதே காரணம் பற்றித்தான், சற்று மேற்கே காவிரிக் கரையில் முசிறிப் பகுதியில், ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம் நிலமட்டத்துக்குமேல் அறை கட்டிய உலர் கழிப்பறைகளை அமைத்தது. சிறுநீர் தனியே பிரியும். மலத்தின்மேல் சாம்பல் தூவி, அறை நிரம்பியதும் மூடி நெடுநாள் உலர விடுவார்கள். கழிவு நிலத்தடி நீரைத் தொடுவதே இல்லை.

ஆற்றின் தென்கரையில் நிலைமை வேறு. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், நகரத்தின் நடுவே ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரி வரை செல்கிறது. சோழர் காலத்து வாய்க்கால். நகருக்குள் நுழையும் நீர் ஒருவிதம், நகரைக் கடந்து வரும் நீர் ஒருவிதம் என்பதைக் கடைமடை உழவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குழாய்நீர் ஆற்றுமணலில் ஊறிவரும் நீர்தான். புறப்படும் இடத்தில் அது பொதுவாக நன்றாகவே இருக்கிறது. கெடுவது வழியில். ஒரு நாளில் சில மணி நேரமே நீர் விடும் ஊரில், மற்ற நேரமெல்லாம் குழாய் வெறுமையாய்க் கிடக்கிறது. விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை உள்ளே ஊறும். அழுத்தம் போதாமல், தெருவில் பள்ளம் தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம். மழை பெய்தால் அந்தப் பள்ளம் நிரம்பும். குழாயில் மின்மோட்டாரை நேரே பொருத்தி இழுப்பவர், தம் வீட்டுக்கு நீரை மட்டும் இழுப்பதில்லை. 2025 ஏப்ரலில் உறையூரில் பலர் வயிற்றுப்போக்கால் துன்புற்றபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று மக்கள் புகார் கூறினர். நிர்வாகம் அதை மறுத்தது. வயிற்றுப்போக்கு சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தெரிந்துவிடுவதால் வழக்காவது உடனே எழுகிறது. காமாலைக்கு அந்த வசதியும் இல்லை. ஒரு மாதம் கழித்து நோய் வரும்போது உடைந்த குழாய் ஒட்டப்பட்டிருக்கும், பள்ளம் மூடப்பட்டிருக்கும், குடித்ததே மறந்திருக்கும்.

டில்லியிலும் வேங்கூரிலும்

1955-ஆம் ஆண்டு நவம்பரில் யமுனை ஆறு தடம் மாற, நஜஃப்கர் சாக்கடையின் நீர், டில்லி நகருக்குக் குடிநீர் எடுக்கும் வஜீராபாத் நிலையத்தின் பக்கம் திரும்பிவிட்டது. நிலையத்தார் அதைக் கண்டு குளோரினை மிகுத்துச் சேர்த்தார்கள். அதனால் டைபாய்டு போன்ற நோய்கள் பெருகவில்லை, நச்சுயிரியோ தப்பிவிட்டது. டிசம்பர் தொடங்கிச் சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வெளிப்பட்டது. நோயாளிகளின் நாள்களைப் பின்னோக்கி எண்ணிய மருத்துவ ஆய்வாளர்கள் நேரே அந்த நவம்பர் வாரத்திற்கு வந்து சேர்ந்தனர். இதில் ஒரு விந்தை உண்டு. அன்று அவர்கள் அதை 'ஏ' வகை என்றே கருதினார்கள். சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளை 1980-இல் சோதித்தபோதுதான் அது 'ஏ' அன்று எனத் தெரிந்தது. பின்னர் 'இ' எனப் பெயர் பெற்றது அதுவே. கிருமியின் பெயரை அறியாமலே அது வந்த வழியைக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அண்மையில் நடந்தது 'ஏ' வகையேதான். 2024 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் வேங்கூர் என்னும் சிற்றூரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; உயிரிழப்பும் நேர்ந்தது. நோயுற்றவர்களின் வீடுகளுக்கிடையே பொதுவாக இருந்தது குழாய்நீர். அதற்கு முறையாகக் குளோரின் சேர்க்கப்படவில்லை என்பதே எழுந்த குற்றச்சாட்டு. வேங்கூர் வறண்ட ஊரன்று, படிப்பறிவில்லாத ஊருமன்று. அப்படிப்பட்ட ஊருக்கும் இந்நோய் வந்தது.

ஒரு குறிப்பேடு போதும்

உங்கள் ஊரில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு வீடுகளில் காமாலை எனக் கேள்விப்பட்டால் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ கிராம சுகாதாரச் செவிலியருக்கோ தெரிவியுங்கள். 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின்படி இத்தகைய தகவல்களைப் பதிந்து மேலே அனுப்புவது அவர்கள் கடமை. நோயாளி நாட்டு மருந்துக்குப் போயிருந்தாலும் தகவல் போக வேண்டும். காமாலைக்காரர் பலர் மருத்துவமனைக்கே போகாததால்தான் பரவல் காலம் கடந்து தெரிகிறது.

அவர்கள் வருமுன் ஊரில் ஒருவர் ஒரு குறிப்பேடு தொடங்கலாம். நோயாளியின் வயது, தெரு, காய்ச்சலும் குமட்டலும் தொடங்கிய நாள், கண் மஞ்சளான நாள், குடிநீர் எங்கிருந்து, முந்தைய இரண்டு மாதங்களில் கலந்துகொண்ட விருந்து, திருவிழா, வெளியூர்ப் பயணம், இவ்வளவே. கணக்குக்கு வேண்டியது காய்ச்சலும் குமட்டலும் தொடங்கிய நாள்தான். மஞ்சள் சில நாள் கழித்தே ஏறும். பிறகு ஊரின் வரைபடம் ஒன்றைக் கையால் வரைந்து, மேல்நிலைத் தொட்டி, குழாய்த் தடம், கிணறுகள், சாக்கடை, வாய்க்கால் ஆகியவற்றைக் குறித்து, நோயாளி வீடுகளுக்குப் புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஒரு குழாய்த் தடத்தின் கடைசியில் மட்டும் குவிந்தால் அங்கே உடைப்பு இருக்கலாம். ஊர் முழுதும் சிதறியிருந்தால் தொட்டியைப் பாருங்கள், அல்லது எல்லாரும் கூடி உண்ட பந்தியை நினையுங்கள். நோய் வராத வீடுகளையும் கேட்க மறக்க வேண்டாம். ஒரே தெருவில் தன் கிணற்று நீரை மட்டும் குடித்த வீடு தப்பியிருந்தால் அது பெரிய சான்று. சுற்றிக் கேட்கும்போது எவரையும் குற்றவாளியாக்கிப் பேசக் கூடாது. பேசினால் அடுத்த வீட்டில் உண்மை கிடைக்காது.

இனி எண்ணும் முறை. புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஆடிப்பெருக்கு அன்று, ஆகஸ்டு 3-ஆம் தேதி, ஓர் ஊரார் கூட்டமாய்த் திருவரங்கம் அம்மா மண்டபம் சென்று நீராடி, கட்டுச்சோறு உண்டு, வழியில் ஓரிடத்தில் நீர்மோர் குடித்துத் திரும்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்டு 19-இல் ஒருவருக்குக் காய்ச்சலும் குமட்டலும். மாதக் கடைசியில் பலருக்கு. செப்டம்பர் 20-இல் கடைசி ஆள். முதல் ஆளிலிருந்து 15 நாள் பின்னே போனால் ஆகஸ்டு 4. கடைசி ஆளிலிருந்து 50 நாள் பின்னே போனால் ஆகஸ்டு 1. நடுவில் நிற்கும் ஆகஸ்டு 31-லிருந்து 28 நாள் கழித்தால் ஆகஸ்டு 3. மூன்று கணக்கும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. அந்த நான்கு நாளில் ஊரார் பொதுவாக உண்டதும் குடித்ததும் என்ன என்று கேட்டால் போதும். மோர் குடித்தவர், குடிக்காதவர் எனப் பிரித்துப் பார்த்தால் விடை தானே வரும். ஆற்றில் மூழ்கி எழுந்தவர் நீரை விழுங்கியிருக்கலாம் என்பதையும் மறுத்துவிட முடியாது.

ஒரே நாளில் விதைத்த நெல் ஒருசேரக் கதிர் தள்ளுவதுபோல், ஒரே நாளில் வாங்கிய நோய் ஒருசேரத் தோன்றி அடங்கும். விட்டுவிட்டு வாரந்தோறும் ஒருவர் இருவராய் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், ஊற்றுவாய் இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள்: கசியும் குழாய், கெட்ட கிணறு. முதல் அலை அடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, அதே வீடுகளில் மற்றவர்களுக்கு வருமானால் அது கை வழியாகப் பரவிய இரண்டாம் போகம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. குழாயைச் சரிசெய்வதால் இரண்டாம் போகம் நிற்காது. கை கழுவுவதால் உடைந்த குழாய் ஒட்டாது.

நீருக்குச் செய்ய வேண்டியது

இக்கிருமி பிடிவாதமானது. 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் சில நேரம் தாங்கும். ஆனால் நீர் கொப்புளித்துக் கொதித்தால் அழிந்துவிடும். ஆகவே சந்தேகமான காலத்தில் வீட்டுக்கு எளிய வழி, கொதிக்க வைத்து அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுவது. கொதித்த நீரைக் குடத்துக்கு மாற்றிக் கைவிட்டு மொண்டால் பாடெல்லாம் வீண். பனிக்கட்டி கிருமியைக் கொல்லாது, காக்கும்.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் இடுவதைத் தோராயமாகச் செய்யாமல் அளந்து செய்யுங்கள். கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் நீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் நீரின் அளவு லிட்டரில் கிடைக்கும். குறுக்களவு 3 மீட்டர், நீராழம் 4 மீட்டர் என்றால் ஏறத்தாழ 28,000 லிட்டர். தெளிந்த நீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் சுமார் 70 கிராம் நல்ல பவுடர் வேண்டும். அதை வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, பின் நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிநீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். சுண்ணாம்பு வண்டலைக் கிணற்றில் கொட்டக் கூடாது. ஒரு மணி நேரம் எவரும் நீர் இறைக்க வேண்டாம். பிறகு குளோரோஸ்கோப்பில் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். குறைந்தால் இன்னும் இட வேண்டும். கலங்கல் நீரும் இலைச்சருகு விழும் கிணறும் குளோரினைத் தின்றுவிடும். டில்லியில் கண்டதுபோல், கழிவு மிகுந்த நீரில் குளோரினை மட்டும் நம்பி இருக்க இயலாது.

பவுடர் மூட்டையைத் திறந்து வைத்து, மழைக்கும் வெயிலுக்கும் விட்டு, ஆறு மாதம் கழித்து அதே அளவில் இடுவது பல ஊர்களில் நடக்கிறது. மணமே இல்லாத பவுடரில் வீரியமும் இல்லை. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி கழுவிய தேதி தொட்டியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று நிமிர்ந்து பார்ப்பதும், கடைசித் தெருக் குழாயில் குளோரின் எஞ்சியிருக்கிறதா எனக் கேட்பதும் உங்கள் உரிமை. தொட்டிக்கடியில் சோதிப்பதைவிடக் கடைசிக் குழாயில் சோதிப்பதே சரி. மலக்கலப்பு இருக்கிறதா என்று அறிய, நீரை ஊற்றி வைத்தால் ஓரிரு நாளில் கறுப்பாக மாறும் சிறு சோதனைப் புட்டிகளும் உண்டு.

கழிப்பறைக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும்; தீவின் மணற்பாங்கில் அதற்கு மேலும் விட்டால் நன்று. குழி கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் அமையக் கூடாது.

வயலிலும் பந்தியிலும்

மாட்டுச் சாணத்தில் இக்கிருமி இல்லை. இது மனிதக் குடலுக்குரியது. ஆகவே தொழு உரத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது, இரவோடிரவாக வாய்க்காலிலோ தரிசிலோ திறந்துவிடப்படும் கழிவுத்தொட்டி லாரியை. "உரம் சும்மா கிடைக்கிறது" என்று வயலில் வாங்கிக்கொள்வோரும் இருக்கிறார்கள். அந்தச் சேற்றில் கிருமி மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கச் சொல்லுங்கள். உங்கள் நிலத்தில் வேண்டாம்.

கழிவுநீர் கலந்த வாய்க்காலை விட்டால் வேறு பாசனம் இல்லை என்பவர்கள், வாழை, தென்னை, தீவனப்புல் போன்ற பயிர்களை மேற்கொள்ளலாம். கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, முள்ளங்கி போன்று பச்சையாய் உண்பவற்றை அந்நீரில் வளர்ப்பது முறையன்று. கீரையைப் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழியில், வாடாதிருக்க அதே வாய்க்காலில் முக்கி எடுக்கும் வழக்கத்தை உடனே விட வேண்டும். வயலில் நல்ல நீர் பாய்ச்சியவர்கூட இந்த ஒரு முக்கலில் எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறார். வாழையிலைக்கும் இதுவே பொருந்தும். பந்தியில் இலைமேல் தெளிக்கும் நீர் குடிக்கத் தகுந்த நீராய் இருக்கட்டும்.

ஊர்ப் பொதுவிருந்தில் சோறும் சாம்பாரும் கொதித்து வருபவை, ஐயம் குறைவு. நீர்மோர், பானகம், சட்டினி, பச்சடி, பரிமாறுபவர் கை ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும். சென்ற ஒரு வாரத்தில் காய்ச்சலும் குமட்டலும் இருந்தவரை, அன்று நலமாய்த் தோன்றினாலும், சமையலிலும் பரிமாறுவதிலும் விடாதீர்கள். கொரோனாக் காலத்தில் பழகிய கைத்தெளிப்பு மருந்து இக்கிருமியிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் ஓடும் நீருமே வேண்டும்.

நோயாளிக்கு

இந்நோயை நேரடியாகக் கொல்லும் மருந்து இல்லை. ஓய்வும் போதிய உணவும் இருந்தால் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமே தேறிவிடுவார்கள். இது நாட்பட்ட நோயாகத் தங்குவதில்லை. உப்பையும் எண்ணெயையும் அறவே நிறுத்தி, கஞ்சியை மட்டும் ஊற்றி ஆளை மெலிய வைக்கும் பத்தியம் தேவையில்லை. பசிக்கும் உணவைக் கொடுங்கள். மது கூடவே கூடாது. காய்ச்சல் மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பீர்கள். 1988-இல் சென்னை ஆய்வாளர் எஸ். பி. தியாகராஜனும், நோபெல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் மற்றவர்களும் இம்மூலிகை பற்றி வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் அது 'பி' வகைக்காரர்களிடம் செய்யப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் பலவற்றில் அதே பலன் கிட்டவில்லை. 'ஏ' வகையில் தானே தேறுகிறவருக்கு எது கொடுத்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும். தின்பவர் தின்னட்டும், அதற்காக மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. நிற்காத வாந்தி, பிதற்றல், பகலில் ஓயாத தூக்கம், இரத்தக் கசிவு இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே கொண்டுபோக வேண்டும். கருவுற்றவர் என்றால் மஞ்சள் கண்ட நாளிலேயே.

தடுப்பூசி உண்டு. ஒரு வயது நிறைந்தபின் போடலாம். செயலிழந்த கிருமியால் ஆன ஊசி என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. அரசின் இலவச அட்டவணையில் இது சேர்க்கப்படவில்லை. காசு கொடுத்தே போட வேண்டும். நம் நாட்டிலேயே உருவாக்கிய இவ்வகை ஊசியை ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் 2024 சனவரியில் வெளியிட்டது. உங்கள் மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனமும் அதுதான். வீட்டில் ஒருவருக்குக் காமாலை கண்டபின், மற்றவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் ஊசி போட்டால் பெரும்பாலும் நோயைத் தடுக்க முடியும். இரண்டு வாரம் என்பது நோயாளியோடு பழகிய நாளிலிருந்து எண்ணுவது; ஆகவே பரிசோதனை முடிவைக் கேட்டுவாங்கியதும் மருத்துவரிடம் இதைப் பேசுங்கள்.

கடைசி நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கியதும் குறிப்பேட்டை மூடிவிட வேண்டாம். அவர் நோயுற்ற நாளிலிருந்து 50 நாள் எண்ணி, அதற்குமேல் இன்னொரு 50 நாளும் புதிதாய் ஒருவரும் படுக்கவில்லை என்று கண்டபின் கடைசித் தேதியை எழுதி, கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒரு படி கொடுத்துவிடுங்கள். அதுவரை கிணற்றுக்கும் தொட்டிக்கும் பவுடர் தவறக் கூடாது.